முகம் வைத்த பெட்டி

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். அந்த மூலையில் காற்று அடிக்கிறது. என் குரல் அங்கே வந்து சேர்வதற்குள் பாதி வார்த்தை பறந்துவிடும். காலை நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு மேதாவியின் கதை சொல்லப்போகிறேன். மேதாவி என்பது அவனே அவனுக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். கதை முடியும்வரை அதை நான் பறிக்கப்போவதில்லை. நடுவில் நீங்கள் பறித்தால் அது உங்கள் பாடு.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சுழலும் கல்லில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைப்பான். அந்த வேலையில் யாரும் அவனைக் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் கடையை மூடி வீட்டுக்கு வந்த பிறகுதான். படுக்கையறை ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன்மேல் சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பிச் சுருள், குடல் பிடுங்கிய ரேடியோக்கள், எதிலிருந்து கழற்றியது என்று அவனுக்கே மறந்துபோன திருகுகள். துணி காயப்போட அவன் மனைவி கிளிப்பைத் தேடினால், அவையெல்லாம் அந்த மேஜையில் ஏதோ ஒரு வயரைக் கவ்விக்கொண்டு வேலையாக இருக்கும். அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் கல் வைத்துத் துணி காயப்போடப் பழகிக்கொண்டாள்.

அதே வீட்டின் பின்னறையில் அவனுடைய அக்கா காளான் வளர்த்தாள். புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. உடைந்த நாற்காலிகள் அடைந்துகிடந்த அறையைக் காலி செய்து, கழுவி, வைக்கோல் திணித்த நீளமான பிளாஸ்டிக் பைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டாள். பைகளில் போட்ட ஓட்டை வழியாகக் காளான் கொத்துக் கொத்தாக எட்டிப்பார்க்கும், கதவிடுக்கில் ஒட்டுக்கேட்கிற காது மாதிரி. அந்த அறை எப்போதும் ஈரமாக, குளிர்ந்து இருக்கவேண்டும். அதற்கு ஒரு ஏர்கூலர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மத்தியானம் அறை சூடேறினால் போதும், மொட்டு அத்தனையும் கருகிச் சுருங்கிவிடும்.

அக்காவுக்கு ஒரு மகன் உண்டு. வேறு ஊரில் இருந்தான். வாரம் தவறாமல் போன் செய்து, இங்கேயே வந்துவிடு அம்மா என்பான். பாசம் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். அவன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள். சம்பளம் கேட்காத ஆள் அவனுக்கு வேண்டியிருந்தது. அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தம்பி வீட்டில் பாரமாகக் கிடப்பதற்கு மகன் வீட்டில் ஆயாவாக இருப்பது மேல் என்று ஒரு கணக்கும் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் அவளுடைய காளானைக் கையில் எடுத்து, ஒடித்து, முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த அறுப்பு முழுவதையும் திங்கட்கிழமை காலையில் கொண்டுவரச் சொன்னார். நன்றாக இருந்தால் தொடர்ந்து அவளிடமே வாங்கிக்கொள்வதாக வார்த்தை கொடுத்தார். அக்கா மகனுக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவர் எடுத்துக்கொண்டால் நான் இங்கேயே இருப்பேன். எடுத்துக்கொள்ளாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். அவ்வளவுதான் விஷயம். அவளுடைய மிச்ச வாழ்க்கை அந்த அறையில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது நம் மேதாவிக்கு வருவோம். அக்கா காளான் போட ஆரம்பித்த புதிதில், அவன் ஒரு மத்தியானம் கையில் கிடைத்ததை வைத்து ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தான். பின்னறைக்குள் ஒரு சென்சார், அங்கிருந்து கூடத்துக்கு ஒரு வயர், கூடத்துச் சுவரில் பெட்டி. அறை சூடேறினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், பஸர் கத்தும். கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை, தெருமுனைவரை கேட்கும். அக்கா எங்கே இருந்தாலும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்துவிடுவாள். அவன் ஆயுசில் செய்த சாமான்களிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கத்தை உண்டாக்கியவர் பல்வைத்தியர். ஞாயிற்றுக்கிழமைகளில் எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்த நாலு ஆம்பளைகள் ஒருவர் வீட்டில் கூடி, அவரவர் செய்ததைக் காட்டிக்கொள்வார்கள். பல்வைத்தியர் அந்தக் கூட்டத்தின் பெரிய தலை. தன் கிளினிக் வாசலில் சின்ன விளக்குகளை அடுக்கி, ஒரு பல் வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரி செய்து மாட்டியிருந்தார். உள்ளே போனவர்கள் யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. அவர் இவன் வீட்டுக்கு வந்திருந்தபோது பஸர் ஒருதரம் கத்தித் தொலைத்தது.

"என்னய்யா இது, பல்லு புடுங்கறப்போ என் பேஷன்ட் கத்தற மாதிரி கத்துது" என்றார். "ஒரு பெட்டின்னா அதுக்கு ஒரு மூஞ்சி வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான், அசடு வழிய. அன்றைக்கே அவனுக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்த வாரம் வந்து சேர்ந்தது அந்த முகம். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சதுரம். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு, ஆக அறுபத்து நான்கு குட்டி எல்.இ.டி. விளக்குகள். எதை எரி என்கிறோமோ அது மட்டும் எரியும். எழுத்தாகவும் ஓட்டலாம், படமாகவும் காட்டலாம். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுத்தெழுத்தாகப் புள்ளி வைத்துப் பழகினான். நம் எழுத்துகள் அந்த எட்டுப் புள்ளிக்குள் அடங்குமா? கொம்பும் சுழியும் வெளியே வழிந்தன. அடக்கி, ஒடுக்கி, பக்கவாட்டில் ஓடவிட்டு, கடைசியில் படிக்கிற மாதிரி செய்துவிட்டான். அதற்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டிவிட்டேன், மேலே போவோம்.

அந்த முகம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தபோது, அவனுக்கு முதலில் தோன்றியது அறையின் சூடு இல்லை. பெட்டியை ஆன் செய்ததும் வணக்கம் என்று ஓடும். பின்னாலேயே இன்ஷியலோடு அவன் பெயர். பெயருக்குப் பின்னால் அவன் படித்த டிப்ளமா. அதற்கும் பின்னால் வடிவமைத்து வழங்குபவர் என்று ஒரு வால். இந்த ஊர்வலம் முடிந்த பிறகுதான் சூடும் ஈரமும் எண்ணாக வரும். வணக்கமும் பெயரும் ஆன் செய்யும்போது ஒரே ஒருமுறை. பிறகு எண்கள் மட்டும். அறை சூடேறிவிட்டால் அறுபத்து நான்கு விளக்கும் ஒன்றாகப் பளிச்சிடும்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"சூடானா கத்தாதா?"

"கத்தறதெல்லாம் பழைய காலம்க்கா. மொத்தமும் பளிச்சுனு எரியும்."

"நான் அடுப்படியில இருந்தா?"

"எட்டிப் பாரு."

"ஏண்டா, என் காளானுக்குச் சூடான்னு கேட்டா உன் ஜாதகத்தைப் படிக்குது இது" என்றாள் அக்கா. அவன் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தாள். பெண்களுக்கு இதன் அருமை தெரியாது என்று அவன் தனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டு, பஸரைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டான். முகம் இருக்கிற பெட்டிக்கு அந்தத் தொண்டை பொருந்தவில்லையாம்.

இங்கேதான் அவன் செய்த கோணல். மேஜையில் சோதித்தபோது செங்கல் கனத்தில் ஒரு பவர் பெட்டியிலிருந்து கரன்ட் கொடுத்தான். அதில் அறுபத்து நான்கும் ஜோராக எரிந்தன. ஆனால் அந்தச் செங்கலைக் கூடத்துச் சுவரில் தொங்கவிட்டால் அழகாகவா இருக்கும்? அதனால் பழைய செல்போன் சார்ஜர் ஒன்றை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து, அங்கிருந்து நூல் மாதிரி மெல்லிய வயரை நீளமாக இழுத்து மாட்டிவிட்டான். எழுத்து ஓடும்போது கொஞ்ச விளக்குகளே எரியும். அதற்குச் சார்ஜர் தாங்கியது. மொத்தமும் எரிந்தால் தாங்குமா என்று சுவரில் மாட்டியபிறகு அவன் பார்க்கவே இல்லை. சென்சாருக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு எழுந்து பின்னறைக்குப் போக வேண்டும். ஐயாவுக்கு வேறு முக்கியமான வேலை இருந்தது. பெயர் ஓடி முடிந்ததும் ஒரு பூ வரவேண்டுமா, நட்சத்திரம் வரவேண்டுமா என்று முடிவு செய்துகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் காலை அறுப்பு. அக்காவும் தம்பி மனைவியும் காளான் அடுக்கத் தட்டுகள் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். அன்று இவன் வீட்டில்தான் கூட்டம். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அறையை நடுவில் ஒருதரம் திறந்து பார்த்துக்கொள் என்று அக்கா சொன்னாள். கதவைத் திறந்து திறந்து மூடினால் குளிர்ச்சி போய்விடும், பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றான் அவன்.

"பெட்டி பாக்கும்டா. நீ பாப்பியா?" என்று கேட்டுவிட்டு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில், ஏர்கூலரின் தண்ணீர் பம்ப்பில் ஒரு வைக்கோல் நார் சிக்கி நின்றுவிட்டது. விசிறி மட்டும் சுற்றி, வெளியே காய்ந்த வெயில் காற்றை அப்படியே அறைக்குள் தள்ளியது. சூடு ஏறியது. பெட்டி தன் கடமையைச் செய்யப் பார்த்தது. அறுபத்து நான்கு விளக்கையும் எரியவிட்டது. அந்தக் கிழட்டு சார்ஜரால் இழுக்க முடியவில்லை. கரன்ட் சரிந்தது, பெட்டியின் மூளை அணைந்தது. அணைந்ததும் சுமை குறைந்து கரன்ட் திரும்பி வந்தது, மூளை விழித்துக்கொண்டது. விழித்ததும் என்ன செய்யும்? புதிதாக ஆன் செய்த மாதிரி வணக்கம் சொல்லும். பெயர் சொல்லும். டிப்ளமாவைச் சொல்லும். எல்லாம் சொல்லி முடித்து அறையைப் பார்க்கும்; ஐயோ சூடு என்று மறுபடி மொத்த விளக்கையும் எரியவிடும். மறுபடி மயக்கம். மறுபடி வணக்கம்.

சரியாக அந்த நேரத்தில் பல்வைத்தியர் படியேறி உள்ளே வந்தார். சுவரில் ஒரு மினுக்கு. உடனே வணக்கம் ஓடியது. அவர் அப்படியே நின்று, தன்னை அறியாமல் கையைக் கூப்பினார். அடுத்து பேட்டரிக் கடைக்காரர் வந்தார். அவருக்கும் ஒரு வணக்கம். மூன்றாவதாக, எல்லோரும் சோடாப்புட்டி என்று கூப்பிடுகிற கனத்த கண்ணாடிக்காரர் வந்தார். அவருக்கும் தவறாமல் வந்தது.

"ஆள் வந்தா கண்டுபிடிச்சு வணக்கம் சொல்லுதேய்யா" என்றார் பல்வைத்தியர். "எப்படிப் பண்ணினே?"

கண்ணுகளா, இந்த இடத்தில்தான் நீங்கள் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் வணக்கத்துக்கு அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவதற்குப் பெட்டியை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். மூன்றாவதற்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. வணக்கம் ஒருமுறைதான் வரவேண்டும். திரும்பத் திரும்ப வருகிறதென்றால் பெட்டி செத்துச் செத்துப் பிழைக்கிறது. ஏன் சாகிறது? மொத்த விளக்கையும் எரியவிடப் பார்ப்பதால். எதற்கு எரியவிடப் பார்க்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் நாலு எட்டில், ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தது. அவனுக்கு அது தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரிவதைவிட நன்றாகத் தெரியும்.

"ஒரு சென்சார் வெச்சிருக்கேன் டாக்டர்" என்றான்.

பல்வைத்தியர் அசந்துபோனார். வெளியே போய் மறுபடி உள்ளே வந்து பார்த்தார். பாழாய்ப்போன பெட்டி அந்த நேரம் பார்த்து மயங்கி எழுந்து அவருக்கு இரண்டாவது வணக்கமும் வைத்தது. கைதட்டினார்கள். பெரிய மனிதர்கள், தலை நரைத்தவர்கள், ஒருவர் மாற்றி ஒருவர் வாசலுக்குப் போவதும் உள்ளே வருவதும் கும்பிடு வாங்குவதுமாக இருந்தார்கள். நடுவில் வெளியே யாரும் போகாமலே ஒரு வணக்கம் வந்தபோது, அது வீட்டுக்காரரைக் கும்பிடுகிறது என்று சோடாப்புட்டி விளக்கம் சொன்னார். அதையும் ஒத்துக்கொண்டார்கள்.

இவர்கள் போனதும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தான். இன்னும் கொஞ்ச நேரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று நினைத்தான். டீ போட்டு எடுத்துவந்தான். அடுப்படிக்குப் போகும் வழியில்தான் பின்னறைக் கதவு. போகும்போது ஒருதரம் கடந்தான். வரும்போது கையில் தட்டு இருந்தது. கதவைத் திறக்கத் தட்டைக் கீழே வைக்க வேண்டும், வைத்தால் டீ ஆறிவிடும். நொண்டிச் சாக்குக்கு அவனிடம் என்றைக்குமே பஞ்சமில்லை. கூடத்தில் அவன் பெயர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் சேர்ந்து அவன் பெயரைப் படிப்பது அவன் பிறந்ததிலிருந்து அதுதான் முதல்தடவை.

அக்கா திரும்பி வந்தபோது கூட்டம் இன்னும் கலையவில்லை. தட்டுகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தாள். அவளுக்கும் வணக்கம் ஓடியது. பல்வைத்தியர் பெருமையோடு, பாருங்கம்மா உங்களையும் கண்டுகொண்டது என்றார்.

"என் வீட்டுல எனக்கு எதுக்கு வணக்கம்?" என்றாள் அக்கா. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கையை மறைத்துக்கொண்டு நிற்பானே, அதே முகம். தட்டுகளைப் பல்வைத்தியர் மடியிலேயே போட்டுவிட்டு நேராகப் போய்க் கதவைத் திறந்தாள்.

உள்ளிருந்து வந்த ஆவி கூடம்வரை அடித்தது. நேற்றுவரை பூரித்து நின்ற கொத்தெல்லாம் ஓரம் மஞ்சளாகி, சுருண்டு, பழைய தோல் செருப்பு மாதிரி தொங்கின. அக்கா ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள். கூலரை நிறுத்தினாள். சாக்கை நனைத்துத் தரையில் விரித்தாள். விருந்தாளிகள் தங்கள் செருப்புகளை வேகமாகக் கண்டுபிடித்தார்கள்.

அவள் கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உனக்கு எப்போடா தெரியும்?"

அவன் காலி டீ டம்ளர்களைப் பொறுக்கக் குனிந்தான். அவளுக்கு அதுவே பதிலாகப் போதுமாக இருந்தது. நாளைக்கு நீயும் என்னோடு வருகிறாய் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் அக்கா வெறுங்கையோடும் தம்பியோடும் ஹோட்டல் சமையலறையின் பின்வாசலில் போய் நின்றாள். உள்ளே கத்திகள் பலகையில் தட்டிக்கொண்டிருந்தன. தலைமைச் சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காளான் இல்லை, ஏன் இல்லை என்று இவன் சொல்லுவான் என்று அக்கா ஒதுங்கிக்கொண்டாள்.

அவன் கரன்ட் கம்மியாகிவிட்டது என்று ஆரம்பித்தான். கரன்ட் போய்விட்டதா என்று அவர் கேட்டார். போகவில்லை என்றான். பிறகு சார்ஜர் என்றான், வயர் என்றான், பம்ப்பில் நார் என்றான். ஒவ்வொன்றும் நிஜம்தான். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, அப்புறம் என்பது போலப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்வதற்கு வேறு சாமான் மிச்சமில்லாமல் போயிற்று.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார்" என்றான். "தெரிஞ்சும் போய்ப் பாக்கல. எல்லாரும் பாராட்டிட்டு இருந்தாங்க."

காய் நறுக்கிக்கொண்டிருந்த இரண்டுபேர் கத்தியை நிறுத்தி அவனைப் பார்த்தார்கள். சமையல்காரர், கூடையின் அடியில் கிடைக்கிற அழுகல் வெங்காயத்தைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"பையெல்லாம் போயிடுச்சாம்மா?"

"பைக்கு உயிர் இருக்கு. திரும்ப மொட்டு விடும்."

"விட்டா கொண்டு வாங்க. அதுவரைக்கும் வேற ஆள்கிட்ட வாங்கறேன். அவங்க சரக்கு நல்லா இருந்தா அவங்களை நிறுத்த மாட்டேன். மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன்."

அக்கா சரி என்றாள். அந்த நேர்மை அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் கிடைக்காத பண்டம் அது.

பைகள் திரும்ப மொட்டு விட்டன. அதுவரை அக்காவும் தம்பி மனைவியும் முறை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து பார்த்தார்கள். தம்பியின் நிழல்கூட அந்த அறைக்குள் விழக்கூடாது என்று உத்தரவு. அவன் தன் முகத்தைக் கழற்றிப் படுக்கையறையில் மாட்டிக்கொண்டான். கண் கூசுகிறது, அணைத்துத் தொலையுங்கள் என்று மனைவி போர்வைக்குள்ளிருந்து சொன்னாள். போதாததற்குப் பல்வைத்தியர் விடவில்லை. ஆள் வந்தால் வணக்கம் சொல்லுகிற சென்சார் ஒன்று கிளினிக் வாசலுக்கும் வேண்டும் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டார். இல்லாத சென்சாரைச் செய்வது எப்படி என்று அவன் மேஜையில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"செஞ்சு குடுடா. நீதான் வெச்சிருக்கேன்னு சொன்னியே" என்றாள் அக்கா, அந்தப் பக்கம் போகும்போது.

சமையல்காரர் புதுக் காளானை ஒடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் அந்த வேறு ஆளுடையதும் நன்றாகத்தான் இருந்ததாம். பாதியை அவரிடமும் பாதியை அக்காவிடமும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். முழுசாக வந்திருக்க வேண்டியது. அதைத் தின்றது சூடு இல்லை, நாலு ஆம்பளைகளின் கைதட்டல்.

அன்று மகன் போன் செய்தபோது, பையை எப்போது கட்டுகிறாய் என்று கேட்டான். தம்பி அடுத்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாதிதான் கெடச்சிருக்கு" என்றாள் அக்கா. "பாதிக்கு வேலை செஞ்சுகிட்டு நான் இங்கயே இருந்துக்கறேன். நீ பிள்ளையைப் பாத்துக்க வேற ஆளைத் தேடு." போனை வைத்துவிட்டு எழுந்து, பின்னறைக் கதவைத் திறந்து, உள்ளே கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போவதற்கு முன்னால் கிழவியின் வாழ்த்தையும் மடியில் கட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதில் போட்டுக்கொள்ளட்டும். உங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்து பார்க்கிற கை எப்போதும் இருக்கட்டும். பாராட்டுக்கு மயங்கி அடுப்பில் இருப்பதை யாரும் தீயவிடாமல் இருக்கட்டும். நீங்கள் வளர்ப்பதெல்லாம், பிள்ளையோ பயிரோ, கொத்துக் கொத்தாகத் தழைக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவர்கள் உழைப்புக்குச் சேரவேண்டியது பாதியாக இல்லாமல் முழுசாகவே வந்து சேரட்டும்.